இயலாது என்பதும் ஓர் அறிவே

அரபு இலக்கணத்தின் ‘ஸர்ஃபு’ப் பாடத்தில், வினைவேர் ஒன்றைக் கொடுத்தால் விதிகளின்படி சொற்கள் வரிசையாய்ப் பிறக்கும். ஆனால் கையிலுள்ள சொல்லுக்கு வேர்வினை தேடப் புகுந்தால் எல்லாச் சொல்லும் இணங்குவதில்லை. கல்லைக் குறிக்கும் ‘ஹஜர்’ போன்றவற்றை, எவ்வினையினின்றும் பிறவாத ‘ஜாமித்’ என்று இலக்கணிகள் ஒதுக்கினர்.

நம்மிடம் அரபு பயில வந்த கணித மாணவர் ஒருவர், தம் துறையிலும் இத்தகைய நிலை உண்டென்றார். அடிப்படைச் சார்பு எதனையும் விதிப்படி வகையிட்டுவிடலாம்; மறுதலையான தொகையீடோ அவ்வாறன்று. ‘ஈ’ என்னும் எண்ணின் அடுக்கில் எதிர்க்குறியோடு எக்ஸ் வர்க்கம் நிற்கும் சார்பைத் தொகையிட, அவர் பல இரவுகள் முயன்று, தம்மை மந்தபுத்தியர் என்றே எண்ணியிருந்தார். பல்லுறுப்புக் கோவை, அடுக்கு, மடக்கை, திரிகோணச் சார்புகளைக் கொண்டு அதற்கு விடை எழுதவே இயலாதெனப் பின்னரே அறிந்தாராம்.

“அறிஞர்க்கு இன்னும் எட்டவில்லையோ?” என வினவினோம். “எவர்க்கும் எட்டாதென்று நிறுவப்பட்டுள்ளது” என்றார். நிறுவிய வழியை அவரிடமே கேட்டறிந்தோம்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் லியூவில் 1830-களில் கண்ட வழி அது. விடை இருக்குமாயின், அது அதே அடுக்குச் சார்பை ஒரு விகிதமுறு கோவையால் பெருக்கியதாகவே இருக்க வேண்டும் என்று அவர் காட்டினார். அப்படியானால், அக்கோவையை வகையிட்டு, அதனினின்று அக்கோவையின் இரண்டு எக்ஸ் மடங்கைக் கழித்தால் 1 கிடைத்தாக வேண்டும். பல்லுறுப்புக் கோவையாயின், வகையிடுவதால் படி குறையும். எக்ஸால் பெருக்குவதால் படி கூடும். கூடியதை ஈடுசெய்ய ஏதுமின்மையால் எக்ஸ் எஞ்சியே தீரும். பகுதியில் எக்ஸ் உள்ள பின்னமாயின், வகையிடும்போது அப்பகுதியின் அடுக்கு உயரும்; அதற்கும் ஈடில்லை. ஆகவே அத்தகைய கோவையே இல்லை.

எனினும் அந்த மணிவடிவ வளைகோட்டின் கீழுள்ள பரப்பு மெய்யானது. முழுப் பரப்பு, ‘பை’ என்னும் எண்ணின் வர்க்கமூலம். இடைப்பட்ட அளவுகளையும் வேண்டிய நுட்பத்தோடு கணிக்கலாம்; புள்ளியியலார் அவற்றை அட்டவணையாக்கிப் பயன்கொண்டனர். பொருள் உண்டு, நம் பழைய சொற்களில் அதற்குப் பெயரில்லை. எனவே ‘பிழைச் சார்பு’ எனப் புதுப்பெயர் சூட்டினர். தொகையீடுகளுள் ஒரு பெரும் வகைக்கு, இத்தகைய விடை உண்டா, இன்றா எனத் துணியும் முறையை ராபர்ட் ரிஷ் 1969-இல் வெளியிட்டார்.

‘தெரியாது’ என்பது நம் அளவைக் காட்டும். ‘இயலாது’ என நிறுவுவதோ பொருளின் இயல்பைக் காட்டும். இவ்விரண்டையும் பிரித்துரைப்பது ஆசிரியர் கடன். அவ்வொரு சொல் உரிய காலத்தில் கிடைத்திருப்பின், அம்மாணவர் தம்மைத் தாமே இகழ்ந்த இரவுகள் மிஞ்சியிருக்கும்.