எஸ்டீமா, ஐகானா?

திண்டுக்கல்

அன்புத் தம்பிக்கு,

சிறுமலைத் தோட்டத்துக்கு வாரம் தவறாமல் ஏறி இறங்க ஒரு பழைய பெட்ரோல் கார் பார்க்கச் சொன்னாய். புரோக்கர் காட்டியதில் இரண்டுதான் தேறின. ஒன்று மாருதி எஸ்டீம், இன்னொன்று ஃபோர்டு ஐகான் 1.6. இரண்டுமே 2003 மாடல். இரண்டையும் நானே மலைக்கும் மதுரை ரோட்டுக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். உன் மச்சான் மேலே இருக்கிற கைப்பிடியை விடவே இல்லை.

எஸ்டீம் 1298 சி.சி., 85 குதிரைத்திறன். ஐகான் 1597 சி.சி., 92 குதிரைத்திறன். ஆனால் எஸ்டீம் எடை குறைந்த வண்டி. அதனால் டவுனுக்குள் சிக்னலில் கிளம்பும்போது ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

வித்தியாசம் தெரிவது மலையில்தான். சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அதில் ஐகான் செகண்ட் கியரிலேயே திரும்பி ஏறிவிடுகிறது. கீழ் ஆர்.பி.எம்.மிலேயே நல்ல இழுவை. எஸ்டீமின் 16 வால்வு இன்ஜினை உறுமவிட்டால்தான் வேலை செய்யும். வளைவில் வேகம் விழுந்தால் ஃபர்ஸ்ட் போட்டே ஆகவேண்டும். திருப்பத்தில் உடம்பும் நன்றாகச் சாய்கிறது. ஐகான் சாயாமல் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது.

நாலுவழிச் சாலையிலும் அதே கதைதான். கொடைரோடு பக்கம் 100 தொட்டபோது ஆம்னி பஸ் ஒன்று கடந்தது. அந்தக் காற்றில் எஸ்டீம் ஒரு அசைவு அசைந்தது. ஸ்டியரிங்கைத் திருத்திப் பிடித்தேன். ஐகானில் அந்தப் பயமே இல்லை.

அப்படியென்றால் ஐகானா என்று கேட்பாய். ஓட்ட ஐகான், வைத்துக்கொள்ள எஸ்டீம். ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இலேயே சொல்லிவிட்டது. ஐகானுக்கு ஒரு பம்பரோ ஹெட்லைட்டோ வேண்டுமென்றால் பழைய பாகக் கடைகளில் அலையணும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். எஸ்டீம் நத்தத்தில் நின்றாலும் வத்தலக்குண்டில் நின்றாலும் கை வைக்க ஒரு மெக்கானிக் கிடைப்பார். உனக்கு இருக்கப்போவது இந்த ஒரு வண்டிதான். அது ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால் தோட்டத்து வேலையும் கிடக்கும்.

ஆகவே எஸ்டீமை எடு. எடுத்ததும் டைமிங் பெல்ட்டை மாற்று, அது எப்போது மாற்றியது என்று ஓனருக்கே தெரியவில்லை. நாலு ஷாக் அப்சார்பரும் டயரும் புதிதாகப் போட்டால் சாய்வு பாதி குறையும். நாலுவழிச் சாலையில் 80-ஐத் தாண்டாதே. ஆர்.சி. 2028 வரை புதுப்பித்திருக்கிறது, எஃப்.சி. தொல்லை இப்போதைக்கு இல்லை.

புரோக்கர் அடுத்த வாரம் வரைக்கும்தான் பொறுப்பார். உன் முடிவைச் சீக்கிரம் சொல், அட்வான்ஸை நான் கொடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா