தோற்றவர்களின் கதை

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் நிற்கும் அம்மச்சி பிலாவின் கதை இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். நாயர் பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமார் துரத்த, திருவிதாங்கூர் இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பார்கள். 1891இல் வந்த சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவலிலும் பிள்ளைமாரும் பத்மநாபன் தம்பியும்தான் வில்லன்கள்.

ஆனால் தென்திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டு வேறு பக்கம் நின்றது. தமிழில் பாடப்பட்ட 'தம்பிமார் கதை'யில் நாயகர்கள் அந்தப் பத்மநாபன் தம்பியும் அவர் சகோதரருமே. முந்தைய அரசர் ராம வர்மரின் மகன்கள் அவர்கள். மருமக்கதாய முறைப்படி அரியணை மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்கு. அப்பா ஆண்ட நாட்டை அவர்கள் கேட்டார்கள். நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். வென்ற மார்த்தாண்ட வர்மர் 1729 முதல் 1758 வரை ஆண்டார். தோற்றவர்களுக்காக மக்கள் பாடினார்கள்.

சூனியக்காரியின் பார்வையில், ராட்சசனின் பார்வையில் தேவதைக் கதைகளை மாற்றி எழுதுவது இன்று உலகெங்கும் நடக்கிறது. நம் பாட்டுக்காரர்கள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இன்னொரு கதை பாக்கி இருக்கிறது. பிள்ளைமாரின் எட்டு வீடுகளில் ஒன்றின் பெயர் குளத்தூர். மார்த்தாண்ட வர்மர் ஆண்களைத் தூக்கிலிட்டு, அந்த வீட்டுப் பெண்களைக் கடற்கரைக்கு அனுப்பியதாகச் சொல்கிறார்கள். அந்தப் பெண்கள் சொல்லும் கதையாக இதை யாராவது எழுத வேண்டும். பள்ளியில் படிக்கும் நம் பெண் பிள்ளைகளே, நீங்கள் எழுதுங்கள்.