துணையும் சுமையும்

கடந்த ஆண்டு என் மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தாள். இருபது ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் புரிபவன் நான். ஊரார் பிள்ளைகள் பலருக்குப் பரீட்சைத் தைரியம் ஊட்டியவன். ஆகவே இரவுதோறும் அவள் மேசையருகே சென்று, “பயப்படாதை பிள்ளை, நான் இருக்கிறன், எத்தனை பாடம் முடிஞ்சுது?” என்று வினவுவதைக் கடமையாகக் கொண்டிருந்தேன். என் மனைவியோ தேநீரை வைத்து, மகளின் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவாள். மகள் செய்யவேண்டிய வீட்டுவேலைகளை அவள் ஓசையின்றித் தானே செய்து முடித்ததை நான்கூடக் கவனித்தேனில்லை.

ஒருநாள் மகள் கண்கலங்கி, “அப்பா, நீங்கள் வந்து கேட்கிற பொழுதுதான் எனக்குப் பயம் வருகுது” என்றாள். அச்சொல் என்னைச் சுட்டது.

அதன்பின் இதுபற்றி நூல்களைப் புரட்டினேன். மனம் நெருக்கடிக்கு உள்ளாகும்போது நம் உடலிற் கோட்டிசோல் என்னும் ஓமோன் மிகுதியாகச் சுரக்கின்றது. முகத்தில் உணர்ச்சி காட்டாத நடுவர்முன் பேசச்செய்து, மனக்கணக்கும் செய்வித்து, உமிழ்நீரிலே கோட்டிசோலை அளக்கும் முறையொன்றை ஜேர்மனியின் றியர் பல்கலைக்கழகத்தார் 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்முறையைக் கையாண்ட சூரிச் ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. சோதனைக்குமுன் துணைவரின் ஆறுதல்மொழி கேட்ட பெண்களுக்குக் கோட்டிசோல் குறையவில்லை. துணைவர் தோளையும் கழுத்தையும் பிடித்துவிட்ட பெண்களுக்கோ அது குறைவாகவே ஏறிற்று.

நியூயோர்க்கிலே சட்டத்தரணிப் பரீட்சைக்குப் படித்தோரும் அவர்தம் துணைவரும் நாள்தோறும் எழுதிய குறிப்புக்களை ஆராய்ந்த கட்டுரை 2000இல் வெளியாயிற்று. துணைவர் செய்தும் பரீட்சார்த்தி அறியாதிருந்த உதவியே மனச்சோர்வைத் தணித்ததென அது கூறுகின்றது. உதவி கண்ணுக்குத் தெரிந்தால், ‘நான் இயலாதவன்’ என்ற எண்ணமும் உடன் எழுகின்றது போலும். என் மனைவி நூலின்றியே அறிந்திருந்த உண்மை இது.

நான் வினவுவதை நிறுத்தினேன். விறாந்தையில் விடைத்தாள் திருத்தியவாறு அமர்ந்திருப்பேன். சில நாட்களின்பின் மகள் தானாகவே பௌதிகக் கணக்கொன்றைக் கொண்டுவந்தாள். கேட்டதற்கு மட்டும் விளக்கம் சொன்னேன்.

பரீட்சையன்று காலை அவள் நெற்றியில் திருநீறு பூசித் தலையிற் கைவைத்தேன், ஒன்றும் பேசவில்லை. அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

பிள்ளைக்குத் துணைநிற்க விரும்பும் பெற்றோர், அத்துணை பிள்ளைக்குச் சுமையாகின்றதா என்பதை முதலிற் சிந்திப்பாராக.