சுண்ணாம்பு தெரிந்த கை

வடசென்னையில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்த காலடிப்பேட்டையில் ஒரு குடும்பம் தாத்தா காலத்து வீட்டை இடிக்காமல் சரிசெய்கிறது, வேலை பார்ப்பவர்கள் எர்ணாவூர் ஆட்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை இது. இந்த வீட்டுக்கு அவ்வளவு வயதில்லை. ஆனாலும் வரிசை வீட்டு அமைப்பு அப்படியே இருக்கிறது. அகலம் பதினைந்தடி இருந்தால் அதிகம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று ஒரே நேர்கோட்டில் உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ஜன்னலுக்கு வழியில்லை. காற்றும் வெளிச்சமும் முற்றத்தில் இறங்கினால்தான் உண்டு.

மேஸ்திரி எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் இருக்கிறார். அறுபதை நெருங்கும் வயது. ரேழிச் சுவரில் பழைய சிமென்ட் பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தார். ஈரம் ஏறுகிறது என்று முன்பு யாரோ பூசிவிட்டுப் போனது. "மேல பாத்தா நல்லாத்தான் கீது சார். உள்ள கைய வுட்டுப் பாருங்க" என்றார். விட்டேன். செங்கல் மாவாகக் கொட்டியது.

இந்தக் கடலோரத்தில் மண்ணிலும் உப்பு, காற்றிலும் உப்பு. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் எங்கே காய்கிறதோ அங்கே உப்பு படிகமாகிப் பெருத்து, இருக்கும் இடத்தை உடைக்கும். சுண்ணாம்பு பூசிய சுவரில் இது பூச்சின் முகத்தோடு நின்றுவிடும். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி, உடைப்பு செங்கல்லுக்குள் நடக்கிறது. பொதுச்சுவர் என்பதால் அடுத்த வீட்டுக்காரருக்கும் அதில் பங்கு கிடைக்கும்.

மேலே ஏறினோம். மெட்ராஸ் டெரஸ், நம் பேச்சில் மெட்ராஸ் ஒட்டு. தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்குள் இடைவெளி விட்டு வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக்கொண்டே போவார்கள். அதன்மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கம்பியே கிடையாது. கடற்காற்றில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பி, தளம் பிளந்து விழும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இந்த ஒட்டில் சாகும் இடம் ஒன்றுதான்: சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் தலை. மழைநீர் சுவரில் இறங்கினால் அது உளுத்துப்போகும். நான்கு கட்டைகளுக்குத் தலையை மட்டும் அறுத்து, பழைய தேக்கில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். கட்டை பர்மா தேக்கு என்றார் மேஸ்திரி. அந்தக் காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த மரம். 1964-க்குப் பிறகு அதே பர்மாவிலிருந்து நம் மக்களும் கப்பலேறி வந்தார்கள். எர்ணாவூரில் அவர்கள் குடியேறிய இடத்துக்குப் பர்மா நகர் என்று பெயர். மேஸ்திரியின் மாமனார் அப்படி வந்தவர்தானாம்.

கழற்றிய பகுதியில் புது ஜல்லி போட்டு அடிக்கிறார்கள். வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பது ஐந்து பெண்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிக்கிறார்கள். எத்தனை நாள் அடிக்க வேண்டும் என்று கேட்டேன். "நாள் கணக்கெல்லாம் கெடையாதுப்பா. அடிக்கிற கட்டை எகிறிக் கைக்கே வரணும், அப்பதான் நிறுத்துவோம்" என்றார் மூத்த அக்கா. ஒட்டு ஒழுகுவதும் ஒழுகாததும் இவர்கள் கையில்தான் இருக்கிறது. கூலிக் கணக்கில் மட்டும் சித்தாள்.

சுண்ணாம்பு இப்போது மூட்டையில் வருகிறது. ஒருகாலத்தில் பழவேற்காட்டுக் கிளிஞ்சல், விறகோடும் உப்போடும் பக்கிங்காம் கால்வாயில் படகேறி வந்து, சென்னையின் காளவாய்களில் வெந்தது. கால்வாய் இருக்கும் நிலைமை உங்களுக்கே தெரியும்.

வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். ராத்திரியில் கொல்லைக் கழிப்பறைக்கு நடக்க அவரால் முடியாது. அதனால் கூடத்தை ஒட்டியே புதுக் குளியலறை, ஆனால் பொதுச்சுவரில் சாயாமல், கை நுழையும் இடைவெளி விட்டுத் தனிச் சுவரோடு. குழாய் எதுவும் பழைய சுவரைத் தொடவில்லை. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைத் தேக்குக் கட்டைகளின் நடுவில் ஏற்றாமல், கொல்லையில் தனித் தூண்கள் எழுப்பியிருக்கிறார்கள். முற்றத்துக்குமேல் கண்ணாடித் தகடு போட்டது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஓரங்களில் ஓரடி தூக்கி விட்டிருப்பதால் சூடு மேலே போய்விடுகிறது, அம்மாவும் மழையில் நனையாமல் சமையலறைக்குப் போகிறார். என் ரசனையைவிட அது முக்கியம்.

செலவு குறைவில்லை. நாளும் அதிகம் பிடிக்கிறது. சுண்ணாம்பை அவசரப்படுத்த முடியாது. மேஸ்திரியின் மகன் அடுக்குமாடிகளில் டைல்ஸ் ஒட்டப் போகிறார். இந்த வேலைக்கு வரவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அங்கே தினமும் வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டு மெட்ராஸ் ஒட்டு ஒழுகினால், முதலில் தட்டோட்டு இடுக்குகளையும் மழைநீர்க் குழாய் வாயையும் பாருங்கள். இடிக்கிறவரைக் கூப்பிடுவதற்கு முன் சுண்ணாம்பு தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எர்ணாவூரில் இன்னும் இருக்கிறார்கள்.