தீர்த்தன் நதியும் ஒரு தூண்டில் கோலும்

இமாச்சலின் பனியாற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பொருத்தமான கருவி போதும். எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் நதியின் நாளையும் அடங்கியிருக்கிறது.

தில்லியிலிருந்து மணாலிக்குச் செல்லும் பேருந்துகள் மண்டியைத் தாண்டியதும் ஔட் சுரங்கப்பாதைக்குள் புகுந்து மறைகின்றன. சுரங்கத்தின் வாயிலுக்கு முன்பே இறங்கிக்கொள்ளும் சிலரின் கையில் முக்கால் மீட்டர் நீளக் குழாய் ஒன்று இருக்கும். வரைபடச் சுருளுடன் வந்த பொறியாளர்கள் என்று நினைக்கத் தோன்றும். குழாய்க்குள் இருப்பது நான்கு துண்டுகளாகப் பிரித்து வைக்கப்பட்ட தூண்டில் கோல். அவர்கள் போக வேண்டிய இடம் லார்ஜி, பஞ்சார் வழியாகச் செல்லும் குறுகலான மலைப்பாதையின் மறுகோடியில் இருக்கிறது.

அந்தப் பாதையின் துணைதான் தீர்த்தன் நதி. கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவின் பனிமலைகளில் பிறந்து, குஷைனியில் பலாச்சன் ஓடையைச் சேர்த்துக்கொண்டு, லார்ஜியில் பியாஸில் கலக்கிறது. பெரிய நதி அல்ல. பல இடங்களில் ஒரு கரையிலிருந்து எறிந்த கல் மறுகரையில் விழுந்துவிடும். ஆனால் நீர் கண்ணாடிபோல் இருக்கிறது. கோடையிலும் கையை வைத்தால் விரல்கள் மரத்துப்போகின்றன. ட்ரவுட் மீனுக்கு வேண்டியது இதுதான்: குளிர்ச்சி, ஓட்டம், ஆக்சிஜன்.

இந்த மீன் இம்மண்ணுக்குச் சொந்தமானதல்ல. விடுமுறை நாட்களில் தங்கள் ஊர் மீனைப் பிடிக்க ஆசைப்பட்ட ஆங்கிலேயர்கள் 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து பழுப்பு ட்ரவுட் முட்டைகளைக் காஷ்மீருக்குக் கொண்டுவந்தார்கள். 1909-இல் குலுப் பகுதியின் மஹிலியில் பொரிப்பகம் அமைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1907-இல், தெற்கே நீலகிரியின் அவலாஞ்சியிலும் இதே முயற்சி நடந்தது. இமாச்சல ஆறுகளில் முன்பே வாழ்ந்துவந்த மீனுக்கு 'பனி ட்ரவுட்' என்று பெயர். ஆனால் அது ட்ரவுட் அல்ல, கெண்டை குடும்பத்தைச் சேர்ந்தது. விருந்தாளியாக வந்த மீன் இன்று நதியின் பல பகுதிகளில் வீட்டுக்காரன் போல நடந்துகொள்கிறது.

வீட்டுக்காரன் என்றாலும் அதன் வாழ்வு நிரந்தரமானதல்ல. பழுப்பு ட்ரவுட் குளிர்காலத்தை ஒட்டி முட்டையிடுகிறது. அதனால்தான் நவம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை மீன்பிடிக்கத் தடை. மற்ற மாதங்களிலும் மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். கோலும் தூண்டிலும் மட்டுமே அனுமதி. ஒரு நாளில் எத்தனை மீன், குறைந்தபட்சம் எவ்வளவு நீளம் என்பதற்கும் வரம்பு உண்டு. காகிதத்தில் இவை கச்சிதமான விதிகள். இரவில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியும் மின்சாரம் பாய்ச்சியும் மீனை அள்ளுபவர்களுக்கு விதிகள் பொருட்டல்ல. அந்த நஞ்சு பெரிய மீனோடு குஞ்சுகளையும் அவை தின்னும் பூச்சிகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

நேர்மையான தூண்டில்காரர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு 'ஸ்பின்னிங்'. மற்றதற்கு 'ஃப்ளை'. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எடை எங்கே இருக்கிறது என்பதில்தான். ஸ்பின்னிங்கில் எடை தூண்டிலின் முனையில் இருக்கிறது. சுழலும் சிறு உலோகத் தகடு, தான் பறக்கும்போது மெல்லிய நைலான் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை முறையில் முனையில் இருப்பது இறகாலும் நூலாலும் கட்டப்பட்ட பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது. எனவே எடை நூலுக்குத் தரப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சு கொண்ட அந்தத் தடித்த நூலைக் கோலால் பின்னும் முன்னும் வீசும்போது, நூல்தான் பூச்சியைச் சுமந்து செல்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஃப்ளை கோல் வாங்கி, அதில் சாதாரண நைலானைச் சுற்றி, பூச்சி காலடியிலேயே விழுகிறதே என்று திகைக்கும் புதியவர்கள் உண்டு.

ஃப்ளை நூலுக்கு எண் உண்டு. எண் கூடினால் எடை கூடும். கோலிலும் அதே எண் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். தீர்த்தன் போன்ற நதிக்கு 4 அல்லது 5-ஆம் எண், எட்டரை அல்லது ஒன்பது அடிக் கோல் போதும். கடலுக்கும் பெரிய மஹசீருக்குமான 8-ஆம் எண் கோலோடு வருபவர்கள், பாறைகளுக்கிடையே இருபது அடி தூரம் வீசுவதற்கு உலக்கையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். கோல் ஒரு காலத்தில் சீனத்து மூங்கிலைச் சீவி ஒட்டிச் செய்யப்பட்டது. பிறகு ஃபைபர் கிளாஸ் வந்தது, 1970-களில் கிராஃபைட் வந்தது. எடை குறைந்தது, விலை ஏறியது. ஆனால் மீனுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

மீனுக்குத் தெரிவது நூலின் கடைசி முழம். தடித்த நூலுக்கும் பூச்சிக்கும் இடையே ஒன்பது அடி நீளத்துக்கு, போகப்போக மெலியும் ஒளி ஊடுருவும் இழை இருக்கிறது. அதன் நுனியான 'டிப்பெட்' 4எக்ஸ், 5எக்ஸ் என்று விற்கப்படுகிறது. கணக்கு எளிது: 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால், மிச்சம் வருவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது. 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பங்கு, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். நீர் தெளிந்திருக்கும் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபரிலும் இது பொருத்தம். மே, ஜூனில் பனி உருகி நீர் சாம்பல் நிறமானால் 4எக்ஸ், 3எக்ஸ் என்று தடிமனுக்கு மாறலாம். ஜூலை, ஆகஸ்டில் மழைவெள்ளம். கோலைக் குழாய்க்குள்ளேயே வைத்திருப்பது நல்லது.

பூச்சிப் பெட்டிதான் பணப்பையைக் காலி செய்யும் இடம். நூற்றுக்கணக்கான வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அனுபவசாலிகள் கடைக்குப் போவதற்கு முன் நதிக்குப் போய் ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அடியில் மேஃப்ளை, கேடிஸ் பூச்சிகளின் இளம்புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ட்ரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே முடித்துக்கொள்கிறது. ஆகவே பித்தளை அல்லது டங்ஸ்டன் மணி கோத்த, விரைந்து மூழ்கும் பழுப்பு நிற 'நிம்ஃப்' நாலைந்து, மாலையில் மீன்கள் மேலே வரும்போது மிதக்கவிட இரண்டு மூன்று 'ட்ரை ஃப்ளை' போதும். தூண்டில் முள்ளின் எண் கூடக்கூட அளவு குறையும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பின்னிங் கட்சிக்காரர்களின் செலவு குறைவு. ஆறு, ஆறரை அடி இலகுவான கோல், சிறிய ரீல், ஆறு பவுண்டு நூல், மூன்று முதல் ஆறு கிராம் ஸ்பின்னர். ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். இதில் ஒரே குறை, கடையில் கிடைக்கும் ஸ்பின்னரில் தொங்கும் மும்முள். வாய், செவுள், சில சமயம் கண் என்று மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் தைக்கிறது. அளவு போதாத மீனைத் திருப்பிவிட வேண்டும் என்பது விதி. செவுள் கிழிந்த மீனைத் திருப்பிவிட்டால் விதி காப்பாற்றப்படும், மீன் காப்பாற்றப்படாது. மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டி, அதன் எதிர்முனைக் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். தீர்த்தனுக்கு வருபவர்கள் செய்யக்கூடிய மிக மலிவான, மிக முக்கியமான மாற்றம் இது.

நூல் மிக மெல்லியதாக இருப்பதும் சாமர்த்தியமல்ல. மெல்லிய நூலில் மீனை நெடுநேரம் விளையாட்டுக் காட்டினால் அது ஓடிக் களைத்துப்போகிறது. நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஆக்சிஜனும் குறைவு. அப்போது நீந்திப்போன மீன் சற்றுத் தொலைவில் போய்ச் செத்துப்போகலாம். சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு வெப்பமானி, முள்ளை எடுக்கும் இடுக்கி, ரப்பர் வலை ஆகிய மூன்றையும் சேர்த்தாலும் ஒரு நல்ல ரீலின் விலை வராது. மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். அதன் உடல்மேல் உள்ள வழுவழுப்புதான் நோய்க்கு எதிரான அதன் கவசம்.

ஆற்றுக்குள் இறங்குபவரின் உயிரும் கருவியைப் பொறுத்தது. நனையாத 'வேடர்' உடைக்கு இடுப்புப் பட்டை அவசியம். விழுந்தால் நீர் சட்டென்று உள்ளே புகுந்துவிடாமல் தடுப்பது அதுதான். பாசிக் கற்களில் வழுக்காமலிருக்க முன்பெல்லாம் கம்பளி அடிப்பாகம் கொண்ட காலணி அணிந்தார்கள். ஈரம் உலராத அந்தக் கம்பளி, ஓர் ஆற்றின் பாசியையும் நுண்ணுயிரையும் இன்னோர் ஆற்றுக்குச் சுமந்து செல்கிறது. நியூசிலாந்தில் 2004-இல் 'டிடிமோ' என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டு ஆறுகளின் படுகையில் அழுக்குப் போர்வைபோல் படரவே, 2008-இல் அங்கே கம்பளி அடிக் காலணிகளுக்குத் தடை வந்தது. உலோக ஆணி பதித்த ரப்பர் காலணியும் ஊன்றுகோலும் இன்றைய மாற்று. ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கழுவி உலரவிடுவதில் செலவு எதுவுமில்லை.

கருவி எதுவும் உதவாத ஆபத்தும் உண்டு. 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், கீழே பியாஸ் படுகையில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் மாணவர்கள் 24 பேரையும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரையும் அடித்துக்கொண்டு போனது. தீர்த்தனில் அணை இல்லை. நீர்மின் திட்டங்கள் வேண்டாம் என்று பள்ளத்தாக்கு மக்கள் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் போராடி வென்றதன் பலன் அது. ஆனால் மேலே மேகம் வெடித்தால் ஆறு அனுமதி கேட்பதில்லை. நீர் திடீரெனக் கலங்கினாலும் சுள்ளிகள் மிதந்து வந்தாலும் கரையேறிவிட வேண்டும்.

2023 ஜூலையில் குலு மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளம் பாலங்களையும் சாலைகளையும் மட்டும் கொண்டுபோகவில்லை. மீன் பண்ணைகளும் சேதமடைந்தன. இந்தப் பண்ணைகளில் வளர்வது வானவில் ட்ரவுட். பட்லிகுல்லில் நார்வேயின் உதவியோடு 1980-களின் இறுதியில் தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு இத்தொழில் பரவியது. விடுதிகளில் தட்டுக்கு வரும் மீன் பெரும்பாலும் பண்ணையுடையது. அது நல்லதும்கூட. பண்ணை மீனைச் சாப்பிட்டு ஆற்று மீனைத் திருப்பிவிடுபவரால் இரண்டு பக்கமும் லாபம்.

அந்த லாபம் யாருக்கு என்பதுதான் பள்ளத்தாக்கின் கேள்வி. தேசியப் பூங்கா 1999-இல் முறையாக அறிவிக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே ஆடு மேய்த்தவர்களும் மூலிகை பறித்தவர்களும் அந்த உரிமையை இழந்தார்கள். 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் பூங்கா இடம்பெற்றது. இழந்த மேய்ச்சலுக்குப் பதிலாகக் கிராமங்களுக்குக் கிடைத்தவற்றில் விடுதி, வழிகாட்டி வேலை, மீன் பண்ணை ஆகியவை முக்கியமானவை. ஆற்றில் மீன் இல்லையென்றால் குழாயோடு வருபவர்களும் இல்லை. எனவே வெளியூர்க்காரர் வாங்க வேண்டியவற்றில் கோலுக்கும் ரீலுக்கும் முன்னால் இரண்டு உண்டு: மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு, ஆற்றின் ஒவ்வொரு மடுவையும் அறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் ஒரு நாள் கூலி. மற்றவற்றை இரவல்கூட வாங்கிக்கொள்ளலாம்.