நாலாவது கட்டில்

2018 கடைசியில நெடுந்தீவுக்குப் போய்த் திரும்பி வரேக்கதான் எங்களுக்கு இந்த விசர் பிடிச்சது. நாங்கள் நாலு பேர். குறிகட்டுவானுக்கு வாற படகில ஒருத்தி ஓங்காளிச்சுக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டிருக்க, மற்றவன் ஃபோனில ஒரு படத்தைக் காட்டினான். கறுப்புப் பாறை, அதுக்கு மேல கறுப்பாய் நூறு இகுவானா, மூக்கால உப்புத்தண்ணியைச் சீறிக்கொண்டு. "கடலுக்குள்ள மூழ்கி இரை தேடுற பல்லி உலகத்தில இது ஒண்டுதான். சாகிறதுக்கு முதல் ஒருக்கா எண்டாலும் பாக்கவேணும்" எண்டான். வாந்தி எடுத்தவள் தலையைத் தூக்கி, "அங்கயும் படகோ?" எண்டு கேட்டாள்.

அங்கயும் படகுதான். கலாபகஸ் தீவுகள் எக்குவடோர் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தள்ளி இருக்கின்றன. கீட்டோவிலோ குவாயாகிலிலோ விமானம் ஏறி, பால்ட்ராவிலோ சான் கிறிஸ்டோபலிலோ இறங்கவேண்டும். பிறகு ஒரு கிழமை கப்பலில். இரவில் கப்பல் ஓடும், பகலில் சின்னப் படகில் தீவுக்குத் தீவு இறக்கிவிடுவார்கள். பெரிய கப்பல் என்றாலும் நூறு பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இல்லை. பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி. மிருகங்களுக்கு இரண்டு மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது. மிருகம் தானாக உங்களுக்குக் கிட்ட வந்தால் நீங்கள்தான் விலகவேண்டும்! இந்தக் கண்டிப்பு எங்களுக்கு நல்லாப் பிடிச்சது. டார்வின் 1835 இல் வந்த பீகிள் கப்பல்காரரும் அங்கத்தைய இராட்சத ஆமைகளைப் பிடித்து ஏற்றி, வழியில் சமைத்துத்தான் தின்றார்கள். பின்டா தீவு ஆமை இனத்தின் கடைசி உயிரான 'தனிமை ஜோர்ஜ்' 2012 ஜூனில் செத்தது. அதை ஃபோன் முகப்பில் போட்டு வைத்திருந்தவனும் அந்தப் படம் காட்டினவன்தான்.

2019 ஜனவரியில் ஆளுக்கு மாதம் பத்தாயிரம் என்று ஒரு கணக்குத் திறந்தோம். ஒருவர் வீட்டிலும் சொல்லவில்லை. எப்படியோ தெரியவந்தபோது ஒரு அம்மா சொன்னா: "பல்லி பாக்க அவ்வளவு காசோ? வீட்டு முகட்டில எத்தினை ஓடுது." இன்னொரு அப்பா கொஞ்சம் கணக்குத் தெரிஞ்சவர். "அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டு ஏஜென்சிக்குக் குடுத்தா ஒரேயடியாப் போயிடலாம்" என்றார். நாங்கள் சிரிச்சோம். அப்ப சிரிக்கக்கூடியதாய் இருந்தது.

2022 மார்ச்சில் ஒவ்வொருவர் பேரிலும் மூன்று இலட்சத்துத் தொண்ணூறாயிரம் சேர்ந்திருந்தது. 200 ரூபாக் கணக்கில் அது 1,950 டொலர். அந்த மாதமே ரூபாயை மிதக்கவிட்டார்கள். மே மாதம் 360 ரூபாக் கணக்கில் பார்த்தால் 1,083 டொலர். ஒரு சதமும் எடுக்காமலே பயணத்தில் பாதி தொலைஞ்சு போச்சு. அந்த நேரம் எரிபொருள் வரிசையில் நிண்டுகொண்டு இதுக்குக் கவலைப்படுறதே ஒரு வெட்கமாய் இருந்தது. வெளியில சொல்லேல்ல.

அந்த வருசக் கடைசியில படம் காட்டினவன் வெளிக்கிட்டான். வேலை போய், வீட்டில ரெண்டு தங்கச்சி. தன்ர பங்கை எடுக்கலாமோ எண்டு கேக்க வந்தவனுக்கு நாங்கள் கணக்கில் இருந்த முழுவதையும் குடுத்தோம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எங்களில் ஒருத்தி அன்று இரவு அழுதாள், அவன் போறதுக்கு இல்லை, கலாபகஸ் போனதுக்கு எண்டு அவளே சொன்னாள். போய்ச் சேர்ந்து ஒரு வருசத்தில் அவன் திருப்பி அனுப்பத் தொடங்கினான். ரூபாக் கணக்கில் அனுப்பினால் போதும் என்றோம். கேட்கவில்லை. 1,950 டொலர்க் கணக்கில்தான் ஒவ்வொருவருக்கும் அனுப்பி முடித்தான். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும்வரை அந்த நாட்டை விட்டு வெளியே போக ஏலாது.

ஆக, பயணம் திரும்ப உயிர்பெற்றது அவனுடைய காசால். பிறகு நாங்களும் சேர்த்து, இப்ப ஒரு மாதிரிக் கிட்ட வந்திட்டோம். நாங்கள் தூங்கினாலும் விலை தூங்கவில்லை: 2024 ஓகஸ்டில் தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் 100 டொலரிலிருந்து 200 ஆனது. எக்குவடோருக்கு விசா வேண்டும். அதைவிடக் கொடுமை, ஐரோப்பா வழியாகப் போனால் விமானநிலையத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானத்துக்கு மாறுவதற்கும் எங்கட கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். வெளியில கால் வைக்காத நாட்டுக்கும் வங்கிக் கணக்கைக் காட்டவேணும்.

பெரிய சண்டை எந்தப் பாதை என்பதில்தான். ஒரு கப்பல் ஒரே இடத்துக்குப் பதினாலு நாளைக்குள் திரும்பப் போகக்கூடாது என்று விதி. அதனால் ஒரு கிழமையில் எல்லாத்தையும் பார்க்கிறது நடக்காது. மேற்குப் பக்கம் போனால் இசபெலா, பெர்னாண்டினா. பென்குயினும், பறக்க மறந்துபோன நீர்க்காகமும் அங்கேதான். தென்கிழக்குப் பக்கம் போனால் எஸ்பனோலா. அலைவரி அல்பட்ரோஸ்கள் கிட்டத்தட்ட முழுக்க அந்த ஒரு தீவில்தான் முட்டையிடுகின்றன, ஏப்ரலில் வந்து டிசெம்பரில் போய்விடும். ஜூலை, ஓகஸ்டில் கடல் குளிரும், ஆட்டமும் கூட. குறிகட்டுவான் படகிலேயே கவிழ்ந்தவளை வைத்துக்கொண்டு அந்த மாதங்களை நினைக்கவும் ஏலாது. எனவே ஏப்ரல் கடைசி. இருவர் தென்கிழக்கு, ஒருத்தி மேற்கு. வீடியோவில் அவனைக் கேட்டோம். "மேற்கு. பறக்க ஏலாத பறவையைப் பாத்து நான் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ" எண்டு சிரிச்சான். நாங்கள் மூண்டு பேரும் உடனே மேற்குக்கு மாறிட்டோம்.

அதோட முடிஞ்சுதெண்டு நினைச்சால், அறைக் கணக்கு வந்தது. பதினாறு பேர் போற கப்பலில் ஒரு அறைக்கு ரெண்டு கட்டில். மூண்டு பேர் எண்டால் ஒன்று நாலாவது கட்டிலுக்கும் காசு கட்டவேணும், அல்லது தெரியாத ஆளோட படுக்கவேணும். கப்பலை விட்டுக் கரையில் தங்கி, சான் கிறிஸ்டோபலிலிருந்து பகல் படகில் எஸ்பனோலா போய்வரலாம், செலவும் குறையும். ஆனால் அதில் மேற்கு இல்லை. இன்னும் ரெண்டு வருசம் பொறுப்பம், வழக்கு முடிஞ்சிடும் என்று ஒருத்தி சொல்கிறாள். முடியாட்டி? அவனிட்ட கேட்டால் "விசரே, போங்கோ" எண்டுவான். அதாலதான் கேக்கேல்ல.

முற்பணம் கட்ட இந்த மாதம் முப்பதாம் திகதி கடைசி. நாலு கட்டிலுக்கும் கட்டினால் ஒரு பெயரைப் பிறகு எழுதலாமோ எண்டு நேற்று இரவு கப்பல்காரருக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறோம்.