பங்குனியில் ஓர் அருவி

நெய்வேலியில் வாழும் எங்களுக்கு மலை என்றால், சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுதான். மற்றபடி ஊர் முழுவதும் சமதளம். ஏறுவதற்கு இடமில்லை, இறங்க வேண்டுமானால் சுரங்கம் இருக்கிறது. ஆதலால், சென்ற பங்குனி மாதத்தில் தேர்வுகளை முடித்த பிள்ளைகள் மலையும் அருவியும் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது, கல்வராயன் மலைக்குச் சென்று வருவதென்று முடிவு செய்தோம். ஞாயிறு பூசைக்கு ஊரில் இருக்க வேண்டுமாகையால் சனிக்கிழமையைத் தேர்ந்துகொண்டோம்.

"நானும் வருகிறேன்" என்றார் தந்தையார். அவருக்கு வயது 78. முழங்கால் வலி உண்டு. அவரை விட்டுச் செல்ல மனமில்லை. அழைத்துச் செல்லவும் அச்சம். ஈற்றில் அழைத்துச் சென்றோம்.

தந்தையார் சுரங்கத்தில் நிலத்தடி நீர் இறைக்கும் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். பழுப்பு நிலக்கரிப் படிவுக்குக் கீழே நீர் பெரும் அழுத்தத்துடன் நிற்கிறது. இரவு பகலாக இறைத்து அவ்வழுத்தத்தைக் குறைக்காவிடில், நீர் தரையைப் பிளந்து பொங்கிச் சுரங்கத்தையே நிரப்பிவிடும். எனவே ஆழ்குழாய்களின் இயந்திரங்களுக்குத் திருநாளும் இல்லை, ஓய்வுநாளும் இல்லை. கிறிஸ்மஸ் இரவுகள் பலவற்றில் அவர் எங்களோடு இருந்ததில்லை.

விடியுமுன் புறப்பட்டு, விருத்தாசலம் வழியாகக் கள்ளக்குறிச்சி சென்று, கச்சிராயபாளையத்தில் இட்டிலி உண்டோம். கோமுகி அணையைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இதில் நாங்கள் சென்ற பக்கம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. உதகை, கொடைக்கானலைப் போலக் குளிர்ந்து நடுங்க வைக்கும் மலையன்று. சாமையும் மரவள்ளியும் விளையும், கடுக்காய் காய்க்கும் மலை.

அருவிக்கு வண்டியை விட்டிறங்கி நடக்க வேண்டும். வழி தெரிந்த மலைவாசி இளைஞர் ஒருவரைத் துணைக்கு அமர்த்திக்கொண்டோம். கற்பாதை. அரை நாழிகை நடப்பதற்குள் தந்தையாருக்கு மூச்சு வாங்கிற்று. "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு புளியமர நிழலில் அமர்ந்துவிட்டார். ஒருவர் அவரோடு தங்கியிருக்க வேண்டும். எவரும் தங்கவில்லை. ஒரு குடுவைத் தண்ணீரும் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலமும் வைத்துவிட்டு, "இதோ வந்துவிடுகிறோம்" என்று கூறி விரைந்தோம். அவ்விடத்தில் கைப்பேசிக்கு அலைவரிசையும் இல்லை.

அருவியைப் பற்றி என் சொல்வது! ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆர்ப்பரித்திருக்கக்கூடிய பாறையின் நடுவே, பங்குனியில் ஒரு வேட்டியின் கரையளவு நீர் வழிந்துகொண்டிருந்தது. செல்ல விரும்பும் அன்பர்கள் மார்கழி, தை மாதங்களில் செல்வது நன்று. அடைமழைக் காலத்தில் காட்டாறு திடீரெனப் பெருகுமாகையால் அப்போது வேண்டவே வேண்டாம். பாசி படிந்த பாறையில் பிள்ளைகளை ஏறவிடாதிருப்பது எக்காலத்துக்கும் பொருந்தும். ஆயினும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சிறு நீரே போதுமானதாயிருந்தது. குட்டையில் மீன்குஞ்சு பிடித்தார்கள். நேரம் போனது தெரியவில்லை.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியபோது புளியமரத்தடியில் தந்தையார் இல்லை. சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது.

அழைத்தோம். மலைதான் எதிரொலித்தது. "நீ இருந்திருக்கலாமே", "ஏன், நீ இருந்தால் ஆகாதா" என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே எங்களுக்குள் வாய்ச்சண்டை மூண்டது. பாதையின் கீழ்ப்புறம் செங்குத்தான சரிவு. அதனை எட்டிப் பார்க்க எங்கள் எவருக்கும் துணிவில்லை. வழிகாட்டிய இளைஞரே இறங்கிப் பார்த்து, இல்லையென்று கையசைத்தார்.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப்பின், மேட்டிலிருந்த ஒரு கூரைவீட்டின் திண்ணையில் அவரைக் கண்டோம். கையில் சாமைக் கஞ்சி. எதிரில் அவரினும் மூத்த ஒரு பெரியவர். இருவரும் நெடுநாள் பழகியவர்போல் பேசிக்கொண்டிருந்தனர். எங்கள் முகங்களைப் பார்த்துத் தந்தையார், "என்ன, அருவியில் தண்ணீர் இருந்ததா?" என்றார். நாங்கள் ஒன்றும் கூறவில்லை.

அப்பெரியவர் மலையாளி இனத்தவர். கேரளத்தாரல்லர், இம்மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாகச் சொல்வது அவர்கள் மரபு. நாடு விடுதலை பெற்ற பின்னும் இம்மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையிலேயே இருந்தது. 1976-இல்தான் அது நீங்கியது. அதுவரை கூலியின்றி உழைத்த நாட்களைப் பெரியவர் சொல்லச் சொல்ல, தந்தையார் "அப்படியா அண்ணே, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதிலுக்கு அவர் என்ன சொன்னாரென்பதை அப்பெரியவர் வாயிலாகவே அறிந்தோம். "உங்கள் அப்பா ஊரையே தோண்டிவிட்டார்களாமே!" என்றார் அவர்.

தந்தையாரின் ஊர் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப்பட்ட ஊர்களுள் ஒன்று. அப்போது அவர் பத்து வயதுச் சிறுவர். இது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவ்வூரில் ஒரு புளியமரம் இருந்ததும், அதன் கீழே அவருடைய பாட்டனார் கட்டில் போட்டுப் படுத்திருப்பதும், பிற்காலத்தில் அதே நிலத்தின் அடியிலிருந்தே தாம் நீர் இறைத்ததும் அந்தத் திண்ணையில்தான் எங்கள் காதில் விழுந்தன. இத்தனை ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்தும் நாங்கள் கேட்டதில்லை.

இறங்கும் வழியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கீழே கோமுகி அணையின் நீர் மாலை வெயிலில் தகடுபோல் கிடந்தது. அதற்கப்பால் சமவெளி புழுதி மூட்டத்தில் கரைந்திருந்தது.

"கிழக்கு எது?" என்று கேட்டார்.

காட்டினோம். இத்தனை தொலைவிலிருந்து நெய்வேலி தெரியாது என்பதை அவரும் அறிவார். ஆயினும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் அவ்வாறே கையை வைத்துப் பார்த்தார்கள். "தாத்தா, உங்கள் வீடு எந்தப் பக்கம்?" என்று சிறியவள் கேட்டாள். அவர் விரலால் ஓரிடத்தைச் சுட்டினார்.

விடைபெறுகையில் அப்பெரியவருக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று கொண்டுவந்து தருவதாகத் தந்தையார் வாக்களித்திருந்தாராம். வைகாசி பிறந்ததும் தாமே பேருந்தேறிப் போய் வாங்கி வந்துவிட்டார். பழம் முன்னறையில் கனிந்துகொண்டிருக்கிறது. வீடெல்லாம் மணக்கிறது. இச்சனிக்கிழமை எங்களில் ஒருவருக்கு இரவுப்பணி. மாற்றிக்கொள்ள இயலுமா என்று கேட்டிருக்கிறோம்.